க்ரூகரில் ஐந்து நாள்: கைடு வேண்டுமா, சொந்த வண்டி போதுமா? (பறவைகளும் வேண்டும்)

3 மார்ச் 2024, கேள்வி

செப்டம்பர் கடைசி வாரம் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. முடிந்ததும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. க்ரூகர் தேசியப் பூங்கா என்று முடிவு செய்தாகிவிட்டது. நாங்கள் இருவர். பறவை பார்ப்பதில் கிறுக்கு உண்டு, ஆனால் சிங்கத்தை விட்டுவிட்டு வரவும் மனசில்லை. கைடு வைத்த திறந்த வண்டியில் ஏறினால் சிங்கம், சிறுத்தை பின்னாலேயே ஓடுவார்கள், ஒரு பறவைக்குக்கூட நிறுத்தமாட்டார்கள் என்று ஒரு கட்சி. கைடு இல்லாமல் போனால் ஒன்றுமே கண்ணில் படாது என்று இன்னொரு கட்சி. எது உண்மை?

3 மார்ச், இரவு

இரண்டுமே பாதி உண்மை. "கைடு வைத்த சஃபாரி" என்று ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, பூங்கா நிர்வாகமே (சான்பார்க்ஸ்) தன் கேம்ப்களிலிருந்து (பூங்காவுக்குள் வேலியிட்ட தங்குமிடங்கள்) நடத்தும் டிரைவும் (வண்டியில் விலங்கு பார்க்கச் சுற்றுவது) நடையும். இரண்டு, ஹேசிவியூ மாதிரி வெளியூர்களிலிருந்து கேட் வழியாக உள்ளே வரும் தனியார் திறந்த வண்டிகள். மூன்று, பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய சபி சாண்ட், டிம்பவாட்டி, மன்யெலேட்டி, க்ளாசெரி போன்ற காப்பகங்களில் லாட்ஜோடு சேர்ந்து வரும் டிரைவ். சபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள். விலங்கு ஒன்றுதான், விதிமுறைதான் வேறு.

உங்களுக்கு என் கணக்கு: வாடகைக் கார், கேம்ப்பில் தங்கல், அதோடு இரண்டு காலை நடை, ஒரு அந்தி டிரைவ். இரண்டாவது வகை வேண்டாம்.

4 மார்ச்

"இரண்டாவது வகை ஏன் வேண்டாம்" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. அந்த வண்டிகளில் வருபவர்களில் பாதிப் பேர் ஒரே நாளுக்கு வந்தவர்கள். மாலைக்குள் ஐந்து பெரிய விலங்கையும் (சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்) காட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடி ஓட்டுநருக்கு. ரேடியோவிலோ வாட்ஸ்அப்பிலோ "சிறுத்தை" என்று தகவல் வந்ததும் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே மரத்தடிக்கு ஓடும். வழியில் கோரி பஸ்டர்ட் (நம் கானமயில் மாதிரிப் பெரிய தரைப்பறவை) நின்றால் அது நின்றபடியே நிற்க வேண்டியதுதான். ஓட்டுநருக்குப் பறவை தெரியாது என்று சொல்லவில்லை. அவர்களில் நல்ல காது உள்ளவர்கள் நிறைய. நேரம்தான் அவர்கள் கையில் இல்லை.

இருவருக்கு மட்டும் முழு வண்டியையும் எடுத்து, "பறவைக்கும் நிறுத்த வேண்டும்" என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் கதை மாறும். அந்த அளவில் நேற்றைய "வேண்டாம்" என்பதைத் திருத்திக்கொள்கிறேன்.

4 மார்ச், மதியம்

சான்பார்க்ஸ் டிரைவில் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். காட்சிக்கு அல்ல, கேட் மூடிய பிறகு வெளியே இருக்கும் உரிமைக்கு. செப்டம்பரில் கேம்ப் கேட் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். சொந்த வண்டி 6.01-க்கு வெளியே இருந்தால் அபராதம். கேம்ப் வண்டி மட்டும் விடிவதற்கு முன் கிளம்பலாம், இருட்டிய பின் திரும்பலாம். ஆந்தை, பக்கி என்னும் இரவுப் பறவை, மரநாய் வகைகள், புனுகு வகைகள், தேன்வளைக்கரடி எல்லாம் அந்த நேரத்துச் சரக்கு.

அந்தி டிரைவ் சுமார் மூன்று மணி நேரம். இரவு டிரைவ் எட்டு மணி வாக்கில் கிளம்பி இரண்டு மணி நேரம். இரண்டில் ஒன்று என்றால் அந்தி. முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், கடைசி ஒரு மணி நேரம் இருட்டு, இரண்டு உலகமும் ஒரே டிக்கெட்டில்.

வண்டியில் இரண்டு அளவு உண்டு: பத்துப் பேர் ஏறுவது, இருபதுக்கு மேல் ஏறுவது. பெரியது வந்தால் நடு இருக்கையில் மாட்டிக்கொள்ளாதீர்கள், பதினைந்து நிமிடம் முன்னால் போய் ஓரம் பிடியுங்கள். கைக்கு விளக்கு தருவது ஓர இருக்கைக்காரர்களிடம்தான். விளக்கைப் பிடித்தவர் தரையை மட்டும் துழாவிக்கொண்டிருப்பார். மரக்கிளை உயரத்துக்கும் ஒரு வீச்சு கொடுக்கச் சொல்லுங்கள். சிவப்பாக இரண்டு புள்ளி கிளைக்குக் கிளை தாவினால் புஷ்பேபி, நம் தேவாங்கின் உறவு. கிளை நுனியில் இலைக்கு நடுவே ஏதோ வெளிறித் தெரிந்தால் பச்சோந்தி. தரைச் சாலையில் ஒற்றைத் தணல்போல் கண் மின்னினால் பக்கி, வண்டி ஏறிவிடுவதற்கு முன் சத்தம் போடுங்கள்.

யானை, இம்பாலா மான், எருமை மீது விளக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. பகலில் நடமாடும் விலங்குக்குக் கண் கூசிப்போய்க் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. நல்ல கைடு அங்கே விளக்கை அணைக்கச் சொல்வார். சொல்லாதவர் வாய்த்தால் நீங்களே அணையுங்கள்.

6 மார்ச்

காலை நடை. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப் போகமாட்டார்கள். துப்பாக்கியோடு இரண்டு கைடுகள், இருவரும் வரிசையின் முன்னால். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. கேம்ப்பிலிருந்து வண்டியில் போய் ஓரிடத்தில் இறங்கி, மூன்று மணி நேரம் போல நடை, நடுவில் ஒரு பாறையிலோ மரத்தடியிலோ சின்னச் சிற்றுண்டி. தூரம் பெரிதல்ல. ஒற்றை வரிசை, பேச்சு கிடையாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மெல்ல ஒரு விசில் அல்லது நாக்கால் ஒரு சொடுக்கு. கைடு கை உயர்த்தினால் நில். எது வந்தாலும் ஓடாதே.

கைடு பையிலிருந்து ஒரு சின்னச் சாம்பல் மூட்டையை எடுத்துத் தட்டுவார். சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் பாதை மாறும். காற்று நம்மிடமிருந்து விலங்குப் பக்கம் வீசினால் அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே யானைக்கு நம்மைத் தெரிந்துவிடும். சிங்கத்தைவிட அவர்கள் அதிகம் கவலைப்படுவது இரண்டுக்கு: புதரில் தனியாகப் படுத்திருக்கும் கிழட்டு எருமைக் காளை, நீங்கள் வழியில் குறுக்கே நிற்க, தண்ணீருக்குத் திரும்பிவரும் நீர்யானை.

பறவைக்கு இது ஏன் நல்லது? எஞ்சின் இல்லை. காதுதான் முதல் கருவி. நடக்கும்போது இரண்டு கைடில் ஒருவராவது பறவைக் குரலையும் கேட்டுத்தான் பாதையை முடிவு செய்வார். அதை அடுத்துத் தனியாக எழுதுகிறேன்.

உடை: காக்கி, சாம்பல், மங்கிய பச்சை. வெள்ளை வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். காலுறைக்குள் பேன்ட் நுனியைச் செருகுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும், உண்ணி ஏறாது. மிளகுத்தூள் அளவுக்குப் பொடிப்பொடியாக இருக்கும் உண்ணிக் குஞ்சுகள் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, கூடவே தலைவலி, காய்ச்சல் என்றால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். ஊர் திரும்பியபின் வந்தால் மருத்துவரிடம் "தென்னாப்பிரிக்காவில் புல்லில் நடந்தேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

9 மார்ச்

சிங்கம் பார்க்கப் பறவை பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஆக்ஸ்பெக்கர் (பெரிய விலங்குகளின் மேல் உட்கார்ந்து உண்ணி கொத்தும் பறவை): "ட்ஸ்ஸ்" என்று சீறிக்கொண்டு சின்னக் கூட்டம் புதருக்குள் இறங்கினால் உள்ளே எருமையோ காண்டாமிருகமோ ஒட்டகச்சிவிங்கியோ நிற்கிறது. நடையில் இந்தச் சத்தம் கேட்டதும் கைடு நின்றுவிடுவார். சிவப்பு அலகு ஆக்ஸ்பெக்கர் எங்கும் உண்டு. அலகின் அடிப்பாகம் தடித்த மஞ்சளாக, இடுப்பு வெளிறி இருந்தால் மஞ்சள் அலகு வகை. உண்ணி சாகக் கால்நடைகளை முக்கியெடுத்த விஷத்தாலும், விலங்கு வேட்டையாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்தே ஒழிந்துபோன பறவை அது. 1979-இல் க்ரூகரில் மறுபடி தென்பட்டு, பிறகு தானாகவே பெருகியது.

கௌதாரி, கினிக்கோழி: விடாமல் கரகரவென்று ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் தரையில் ஏதோ பதுங்குகிறது. இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசைக்குக் காதை நிமிர்த்தி மூக்கால் சீறினால் இன்னும் நிச்சயம்.

கரிச்சான், சிலம்பன், அணில் எல்லாம் சேர்ந்து ஒரு மரத்தைச் சுற்றிக் கூச்சல்: பாம்பு அல்லது ஆந்தை. நம்மூர் வேப்பமரத்தில் காக்கை கத்துவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

பாறு (பிணந்தின்னிக் கழுகு): வானத்தில் வட்டமிடாமல் நேர்கோட்டில் கால் தொங்கச் சரசரவென்று இறங்கினால் கீழே பிணம் இருக்கிறது. மரத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்காமல் கீழேயே பார்த்தால் பிணத்தோடு சிங்கமும் இருக்கிறது.

9 மார்ச், மாலை

மேலே கடைசி வரியை அப்படியே நம்பி ஏழு மணிக்கு ஒரு மரத்தடியில் வண்டியைப் போட்டு ஒரு மணி நேரம் காத்திருக்காதீர்கள். காலையில் பாறுகள் மரத்தில் இருப்பது இரவு தங்கலின் மிச்சம். தரை சூடேறி வெப்பக்காற்று எழும்வரை, சுமார் ஒன்பது மணிவரை, அவை அதிகம் பறக்காது, சோம்பலாக உட்கார்ந்திருக்கும். கழுத்தை நீட்டிக் கீழே பார்க்கின்றனவா, தலையைத் தோளில் புதைத்துக்கொண்டு இருக்கின்றனவா என்பதுதான் வேறுபாடு. பத்து மணிக்குப் பிறகும் மரம் நிறைய இருந்தால் காத்திருக்கலாம்.

15 மார்ச்

பருவம். "ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் போக வேண்டும்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது விலங்குக் கணக்கு. இலை உதிர்ந்து, புல் சாய்ந்து, தண்ணீர் சுருங்கி, எல்லாம் ஆற்றுக்கு வரும். பறவைக் கணக்கு நேர் எதிர். க்ரூகரின் பட்டியலில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள், அதில் வலசை வருபவை நவம்பர் முதல் மார்ச் வரை. மழை, பசுமை, பூச்சி. காட்டு மீன்கொத்தி நவம்பர் நடுவில் வந்து இறங்கிய நாளிலிருந்து பூங்கா முழுக்க அதன் "சிப்... ட்ர்ர்ர்ர்" ஓயாது. மீனை அதிகம் சீண்டாத மீன்கொத்தி, பூச்சிதான் முக்கிய உணவு. அக்டோபரில் சிவப்பு மார்புக் குயில் மூன்று சுரத்தில் இறங்கி இறங்கிக் கூவ ஆரம்பிக்கும். அக்காக்குயில் நம் தூக்கத்தைக் கெடுப்பதுபோல அங்கே இது.

ஆக, செப்டம்பர் இரண்டுங்கெட்டான் மாதம் என்று எழுத வந்தேன்.

15 மார்ச், சற்றுப் பின்

இல்லை, எழுதிப் பார்த்தால் செப்டம்பர் கடைசி மோசமில்லை. வால்பெர்க் கழுகும் மஞ்சள் அலகுப் பருந்தும் ஆகஸ்டிலேயே திரும்பிவிடும். உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் வேகத்தில் பாடிக்கொண்டிருக்கும். மழை இன்னும் சரியாகத் தொடங்கியிராது, அதனால் விலங்கும் தண்ணீரை விட்டு அகலாது. இலை இல்லாத மரத்தில் ஆந்தை தேடுவதும் சுலபம். இழப்பது காட்டு மீன்கொத்தி, கருஞ்சிவப்புப் பஞ்சுருட்டான், பெரும்பாலான குயில்கள், அமூர் வல்லூறு.

கவனிக்க வேண்டியது வேறு: செப்டம்பர் 24 அங்கே பாரம்பரிய தினம், பொது விடுமுறை. அதை ஒட்டிப் பள்ளி விடுமுறையும் வரும். தென்பகுதி கேம்ப்கள் நிரம்பிவிடும். தங்கல் பதிவு பதினொரு மாதத்துக்கு முன்பே திறக்கிறது. இப்போது மார்ச். இன்றைக்கே பாருங்கள்.

17 மார்ச்

"அமூர் வல்லூறு நம்ம ஊர்ப் பறவையாச்சே" என்று ஒரு செய்தி. நம்ம ஊர் அல்ல, நம்ம வழி. சைபீரியா, வட சீனத்தில் குஞ்சு பொரித்து, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்து வழியாக இறங்கி, இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலையும் தாண்டித் தென்னாப்பிரிக்கா போகிறது. அதை க்ரூகர் பக்கம் பார்க்க டிசம்பரிலோ அதற்குப் பிறகோ போக வேண்டும். விசா, மஞ்சள் காய்ச்சல் அட்டை எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

24 மார்ச்

"பிக் சிக்ஸ்" கேட்டிருந்தீர்கள். விலங்குக்கு ஐந்து என்றால் பறவைக்கு ஆறு. சேணம் அலகு நாரை, கோரி பஸ்டர்ட், மார்ஷியல் கழுகு, மடிப்பு முகப் பாறு, தென் தரை இருவாச்சி, பெல் மீன் ஆந்தை.

சேணம் அலகு நாரை: நம் கருங்கழுத்து நாரையின் அண்ணன் தம்பி, ஒரே பேரினம். கண் மஞ்சளாக இருந்தால் பெண். கண் கறுப்பு, அலகின் அடியில் மஞ்சளாக இரண்டு தொங்கு சதை என்றால் ஆண். லோயர் சபி கேம்ப் பக்கத்துப் பாலத்திலிருந்து தேடுங்கள். பூங்காவின் சில பாலங்களில் மட்டும் மஞ்சள் கோடு போட்ட பகுதிக்குள் இறங்கி நிற்க அனுமதி உண்டு.

கோரி பஸ்டர்ட்: கானமயிலின் பேரினம். பெரிய ஆண் 15 கிலோவைத் தாண்டும். சட்டாரா கேம்ப்பைச் சுற்றிய சமவெளியில், வெயில் ஏறுவதற்கு முன். ராஜஸ்தானில் ஒரு கானமயிலுக்குத் தவம் கிடந்தவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமூச்சு விடலாம்.

மார்ஷியல் கழுகில்தான் அதிகம் ஏமாறுவார்கள். கரும் தலை, கரும் மார்பு, வெள்ளை வயிறு என்றதும் எழுதிவிடக் கூடாது. கருமார்புப் பாம்புக் கழுகும் அப்படியே இருக்கும். வயிற்றில் புள்ளி இருக்கிறதா? பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பா வெள்ளையா? புள்ளியும் கறுப்பும் மார்ஷியல். புள்ளி இல்லை, அடி இறக்கை வெண்மை என்றால் பாம்புக் கழுகு.

தரை இருவாச்சி: விடியலுக்கு முன் தூரத்தில் சிங்கம் உறுமுவதுபோல் ஆழமாக "ஹூ... ஹூ ஹு" கேட்டால் அவசரப்பட்டுச் சிங்கம் என்று எழுதாதீர்கள். குடும்பமாக நடக்கும் பறவை. ஒரு குடும்பத்துக்கு நூறு சதுர கிலோமீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். சராசரியாக ஒன்பது ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான் பிழைத்து வளர்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. சாலையில் நடந்து வந்து கார் கண்ணாடியைக் கொத்தும், அதற்குத் தீனி போடாதீர்கள்.

மடிப்பு முகப் பாறு சிவந்த தலை, வெள்ளைக் கால்சட்டை. பிணத்தருகே மற்றவை ஒதுங்கி வழிவிட்டால் வந்தது இதுதான்.

பெல் மீன் ஆந்தை: உங்கள் ஐந்து நாளில் மறந்துவிடுங்கள். காரணம் வடக்கைப் பற்றி எழுதும்போது.

2 ஏப்ரல்

கருவிகள். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது). பத்து மடங்கு வாங்கியவர்கள் வண்டி எஞ்சின் ஓடும்போது படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபம். ஆளுக்கு ஒன்று. இருவருக்கு ஒன்று என்பது குடும்பச் சண்டைக்கு வழி.

லென்ஸ் 100-400 மில்லிமீட்டர் போதும். சொந்தக் காரில் ஜன்னல் விளிம்பில் வைக்க ஒரு துணிப்பை கொண்டுபோய், அங்கே சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்புங்கள். முக்கால் அளவுக்கு மேல் நிரப்பினால் லென்ஸ் உருளும், பள்ளம் விழாது. திறந்த வண்டியில் ஜன்னலே கிடையாது, அரிசிப் பை உதவாது, அங்கே ஒற்றைக்கால் தாங்கி. எதுவானாலும் எஞ்சினை அணைத்தால்தான் படம் நிற்கும். "எஞ்சின் ஆஃப் ப்ளீஸ்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மண் சாலையில் முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் வருபவருக்கு அத்தனை தூசும். கேமராவைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றுவதெல்லாம் அறைக்குள். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம், தடை.

செப்டம்பர் காலைத் திறந்த வண்டி குளிரும். ஓடும் காற்றோடு சேர்ந்தால் ஊட்டி மாதிரி. மதியம் 35 டிகிரியைத் தாண்டியும் சுடலாம். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுங்கள்.

3 ஏப்ரல்

விட்டுப்போனது: காரில் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்குங்கள். மூடிய காரில் போகிறவருக்குப் பாதிப் பறவை கிடையாது, கௌதாரி எச்சரிக்கையும் கேட்காது. சிங்கம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

11 ஏப்ரல்

மருந்து பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன.

மலேரியா: க்ரூகர் மலேரியாப் பகுதிதான். செப்டம்பர் முதல் மே வரை ஆபத்து கூடுதல். மாத்திரை எது என்பது மருத்துவர் முடிவு. தெரிந்துகொள்ள: அடோவாகுவோன்-ப்ரோகுவானில் என்ற மாத்திரை என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி நான்கு வாரம், அதோடு வெயிலில் தோல் எளிதில் கருகும், திறந்த வண்டியில் அது ஒரு தொல்லை. ஊர் வந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்திக்குப் பிறகு முழுக்கை, டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த பூச்சு. அந்தப் பூச்சு பைனாகுலரின் ரப்பரையும் கண்ணாடிப் பூச்சையும் அரிக்கும், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல்: தென்னாப்பிரிக்கா அந்த நோய்ப் பட்டியலில் இல்லை. துபாய், தோஹா வழி போனால் ஊசி தேவையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழி டிக்கெட் மலிவு என்று போகிறவர்கள் யோசியுங்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் பட்டியலில் உள்ளவை. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைநின்றால் தென்னாப்பிரிக்கா அட்டை கேட்கும். வெளியே இறங்கிச் சுற்றிவிட்டு ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் இங்கேயும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தல். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும்.

28 ஏப்ரல்

பாதை. "ஐந்து நாளில் தெற்கிலிருந்து வடக்கு முனைவரை போய்விடலாமா, மேப்பில் 360 கிலோமீட்டர்தானே?" கூடாது. தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை, ரேடார் வைத்துப் பிடிக்கிறார்கள். நின்று நின்று போனால் மணிக்கு 25 ஆவதே பெரிது. ஸ்குகூசா கேம்ப்பிலிருந்து சட்டாரா 92 கிலோமீட்டர், அதற்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.

லோயர் சபி இரண்டு இரவு, சட்டாரா இரண்டு இரவு. லோயர் சபியில் கேட்டை ஒட்டியே சன்செட் டாம்: கரையோரமே வண்டியை நிறுத்தி மஞ்சள் அலகு நாரை, தாழைக்கோழி வகை, நீர்யானை முதுகில் நிற்கும் கொக்கு. ஸ்குகூசா பக்கம் லேக் பேனிக் ஏரியோரம் பறவை பார்க்கும் மறைவிடம்: கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போய் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். பேசுகிறவர்கள் பத்து நிமிடத்தில் அலுத்துப் போய்விடுவார்கள், பொறுத்தால் போதும். சட்டாராவில் எஸ்-100 மண்சாலை விடியற்காலை, சிங்கத்துக்கும் அதுதான்.

மதியம் பதினொன்று முதல் மூன்று வரை ஓட்டாதீர்கள். கேம்ப் வேலிக்குள் நடங்கள். அத்திமரம் பழுத்திருந்தால் பச்சைப்புறாவும் பழுப்புத் தலைக் கிளியும் தலைக்கு மேலேயே. நாள் முழுக்கக் காரில் தேடியதைவிட இனங்கள் அதிகம் இந்த நான்கு மணி நேரத்தில் ஏறும். திறந்த வண்டி டூரில் போகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள்.

வடக்கு: புண்டா மரியா, அதற்கும் மேலே பஃபூரி. லுவூவு ஆறும் லிம்போப்போவும் சேரும் க்ரூக்ஸ் கார்னர், மஞ்சள் நிறப் பட்டை கொண்ட "காய்ச்சல் மரங்கள்" நிறைந்த காடு. பெல் மீன் ஆந்தை இருக்குமிடம் லுவூவு கரைப் பெருமரங்கள். பகலில் அடர்ந்த கிளைக்குள் உறங்கும், சாலையிலிருந்து தெரியாது, அந்தக் கரையை அறிந்த கைடோடு நடந்துதான் தேட வேண்டும். மட்டை வால் பனங்காடை, போம் உழவாரன், கொண்டைக் கினிக்கோழி எல்லாம் அங்கே. கோடையில் புண்டா மரியா அந்தி டிரைவில் நீள இறகு தொங்கும் கொடிப் பக்கி. விலங்கு குறைவு, கூட்டம் குறைவு. பறவைக்கென்றே இரண்டாம் முறை போகும்போது நேராக இங்கே.

19 மே

"காசு இருக்கிறது, சபி சாண்டில் இரண்டு நாள் போடலாமா?" போடலாம். சிறுத்தை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு. மூன்று அடுக்கு இருக்கை வண்டி, பானெட் மேல் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர், தேவைப்பட்டால் சாலையை விட்டு இறங்கிப் போவார்கள், ஒரு விலங்கருகே இரண்டு மூன்று வண்டிக்கு மேல் சேரவிடமாட்டார்கள். ஆனால் வண்டியில் மற்ற ஆறு பேர் முதல் முறை வந்தவர்களாக இருந்தால் நீங்கள் ஒவ்வொரு கதிர்க்குருவிக்கும் நிறுத்தச் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாள் காலை உங்களோடு யாரும் காபி குடிக்கமாட்டார்கள்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: தனி வண்டிக்கு எவ்வளவு கூடுதல்? கைடுக்குத் தென்னாப்பிரிக்கக் கள வழிகாட்டிகள் சங்கத்தின் எந்தத் தகுதி? பறவைக்கென்று தனிச் சிறப்புத் தகுதியும் அந்தச் சங்கம் தருகிறது, அது உள்ளவரைக் கேளுங்கள். சான்றிதழைவிட நல்ல சோதனை ஒன்று: முதல் காபி நிறுத்தத்தில் "இப்போது என்னென்ன கூவுகிறது?" என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுப் பெயர் சொன்னால் உங்கள் ஆள். ஏழெட்டுத் தடவை "பழுப்புக் குருவி" என்றால் சிறுத்தையோடு திருப்திப்படுங்கள்.

அன்பளிப்பு கைடுக்கும் தடம் பார்ப்பவருக்கும் தனித்தனி உறை. பொதுப்பெட்டியில் போட்டால் அது மற்ற ஊழியர்களுக்கு.

20 மே

குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பற்றி. முத்துப்புள்ளிச் சிற்றாந்தையின் கூவலைக் கைடு வாயால் விசிலடித்தால் சுற்றியுள்ள சின்னப் பறவைகள் எல்லாம் ஆந்தையைத் திட்ட ஓடிவரும். பார்க்கப் பிரமாதம். ஓரிடத்தில் ஒருமுறை, ஒரு நிமிடம், போதும். கூடு கட்டும் செப்டம்பரில் அதுவும் வேண்டாம், முட்டையை விட்டு எழுந்து வருகிறது தாய். கைபேசியில் ஓயாமல் ஒலிக்கவிடும் கைடைத் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

கென்யா மாசாய் மாராவோடு ஒப்பிட்டுக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அங்கே சொந்தக் காரும் கேம்ப் நடையும் கொண்ட இந்தக் கணக்கு பொருந்தாது. 2024 முதல் வெளிநாட்டவருக்கு மாரா நுழைவு ஜூலை-டிசம்பரில் நாளுக்கு 200 டாலர், ஜனவரி-ஜூனில் 100. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

7 ஜூலை

"லோயர் சபி கிடைக்கவில்லை, ஸ்குகூசா கிடைத்தது" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லதே. லேக் பேனிக் பக்கத்திலேயே. லோயர் சபிக்கு ஆற்றோரச் சாலை எச் 4-1, சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு காலை முழுக்க ஓட்டலாம். தங்கல் ரத்துகள் இணையத்தில் திரும்பத் திரும்ப விழும், காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நடை பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், எட்டே இடம். சட்டாராவில் ஒன்று, ஸ்குகூசாவில் ஒன்று. முதலில் வரும் காலையிலேயே நடையைப் போட்டுவிடுங்கள், கைடு கற்றுத்தரும் குரல்கள் மீதி நாள்களில் காரில் உதவும். 4 மார்ச் குறிப்பில் அந்தி டிரைவை முதல் நாள் வைக்கச் சொன்னேனா? மேலே பார்த்தேன், சொல்லவில்லை. கடைசி நாளுக்கு முந்தைய நாள் வையுங்கள். ஓட்டி ஓட்டி அலுத்திருப்பீர்கள், வேறொருவர் ஓட்டினால் நன்றாக இருக்கும்.

சட்டாராவில் இரவு சாப்பிட்டதும் டார்ச்சோடு மரங்களுக்கு அடியில் ஒரு சுற்று. "ப்ர்ரூப்" என்று ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை கேட்கும். ஸ்கோப்ஸ் ஆந்தை, கையளவுதான், தண்டோடு ஒட்டி மரப்பட்டை மாதிரியே நிற்கும். குரல் வரும் மரத்துக்கு நேர் கீழே நின்று தேடாதீர்கள், நாலு மரம் தள்ளி நின்று பாருங்கள்.